பிந்தி வந்த பத்திரிகை: மன்னார்க் கரையின் வாசிப்பு நினைவுகள்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் பத்திரிகை வாசிப்பு வளர்ந்த விதத்தை விளங்கிக்கொள்ள, அங்கே பத்திரிகை பெரும்பாலானோர் கைக்குப் பிந்தியே வந்து சேர்ந்தது என்ற உண்மையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். கொழும்பில் அச்சாகிய நாளிதழ் இரவுப் புகையிரதத்தில் மன்னாருக்கு வந்து, நகரத்துக் கடையிலிருந்து பஸ் வண்டியிலும் சைக்கிளிலும் கிராமங்களுக்குப் போய், ஒருவர் வாங்கியதைப் பலர் மாறி மாறி வாசிக்கும் வழக்கத்தால் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் கடைசி வாசகரை அடைந்தது. சென்னையில் வெளியான மாதச் சஞ்சிகையோ அடுத்த மாதத்து இதழ் வெளிவரும் வேளையில் கிடைத்தாலே விரைவாகக் கிடைத்ததாகக் கருதப்பட்டது. இத்தாமதத்தை வாசகர்கள் குறையென்று நொந்துகொண்டதுண்டு. ஆயினும் 1960களிலும் 1970களிலும் அக்கரையில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய தலைமுறைக்கு, வாசிக்கத் தகுந்த எழுத்து எது என்பதைப் பிரித்தறியும் பயிற்சியை வழங்கியதும் அத்தாமதமே என்பதை, அத்தலைமுறையைச் சேர்ந்த இக்கட்டுரையாளர் தம் நினைவிலிருந்தும் அக்கால வரலாற்றிலிருந்தும் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறார்.

தீவின் புவியியலே முதலில் கூறப்பட வேண்டியது. வடமேற்கே இந்தியாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான இத்தீவின் நுனியில் தலைமன்னார் இறங்குதுறை அமைந்துள்ளது. 1914இல் தலைமன்னார் வரை புகையிரதப் பாதை நிறைவுபெற்று, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் சேவையும் தொடங்கியபோது, சென்னையையும் கொழும்பையும் புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என்ற வரிசையில் இணைத்த ‘போட் மெயில்’ என்னும் பயண வழி உருவாயிற்று. ஏறத்தாழ 35 கிலோமீற்றர் கடலைக் கடந்து பயணிகளும் தபால் மூட்டைகளும் வந்திறங்கிய அத்துறையினால், இந்தியத் தமிழ் இதழ்கள் இலங்கைக்குள் நுழையும் வாசல்களுள் ஒன்றாக மன்னார் விளங்கியது. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின்னர், கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. வாசலிலேயே வாழ்ந்தபோதும் மன்னார் வாசகருக்கு அதனால் தனிச் சலுகை ஏதும் கிட்டவில்லை. கொழும்பு முகவர்கள், அதாவது இதழ்களை மொத்தமாக வரவழைத்துக் கடைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வணிகர்கள், அனுப்பி வைத்த பின்னரே அவ்விதழ்கள் மன்னார் நகரத்துக் கடைகளில் தொங்கின. தங்கள் ஊரைக் கடந்து போன எழுத்தைத் தலைநகரிலிருந்து திரும்பி வரும்வரை காத்திருந்து வாசித்தவர்கள் அவர்கள்.

அவ்வாசிப்புக்கு இடமளித்த நிறுவனம் வாசிகசாலை ஆகும். நூல்களை வீட்டுக்கு இரவல் கொடுக்கும் நூலகத்தினின்றும் வேறுபட்டு, வந்தமர்ந்து பத்திரிகை வாசிப்பதற்கென்றே ஊரார் சேர்ந்து அமைத்த சிறு கட்டடத்தை ஈழத்துத் தமிழர் இப்பெயரால் அழைப்பர். பிற்காலத்தில் சனசமூக நிலையங்களின் ஒரு பகுதியாக இவை இயங்கின. ஒரு நீண்ட மேசை, இரு புறமும் வாங்குகள், சுவரில் நாட்காட்டி, கிடுகு வேய்ந்த கூரை என்பதற்கு மேல் பெரும்பாலான வாசிகசாலைகளில் எதுவும் இருந்ததில்லை. கடற்றொழிலாளர் நிறைந்த கிராமங்களில் அம்மேசையின் கூட்டம் கடலின் பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கவே தொழில் வடகடலுக்கு மாறும்; வாடைக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். காற்று மாறும் இடைக்காலத்திலும் கடல் கடுமையாகி வள்ளங்கள் கரையேற்றப்பட்ட நாட்களிலும் வாசிகசாலை நிரம்பி வழிந்தது. வலையின் கிழிசலைப் பொத்தியவாறு திண்ணையில் அமர்ந்திருப்போருக்கு, எழுத்தறிந்த ஒருவர் உரத்து வாசிப்பார். கேட்போர் இடைமறித்து வினவுவர். விளங்காத சொல் வந்தால் ஆசிரியர் ஒருவரோ பங்குத்தந்தையோ விளக்கும்வரை அது நினைவில் வைக்கப்படும். வாசிப்பு என்பது தனிமையில் கண்ணால் செய்யும் செயல் என்பதை இக்கட்டுரையாளர் பின்னர் நகரத்தில்தான் அறிந்தார். சிறு வயதில் அவர் கண்டது காதால் நிகழ்ந்த வாசிப்பையே.

மேசையில் கிடந்த நாளிதழ்களுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, தமிழ்நாட்டு ஆவணிப்பட்டியைச் சேர்ந்த சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் தொடங்கிய வீரகேசரி, மற்றையது, டி. ஆர். விஜயவர்த்தனவின் லேக் ஹவுஸ் நிறுவனம் 1932இல் வெளியிடத் தொடங்கிய தினகரன். 1966இல் வெளிவரத் தொடங்கிய தினபதியும், அதன் வார இதழாகிய சிந்தாமணியும், யாழ்ப்பாணத்திலிருந்து 1959 முதல் வெளிவந்த ஈழநாடும் பின்னர் அவற்றுடன் சேர்ந்துகொண்டன. கத்தோலிக்கர் மிகுந்த ஊர்களில், 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட பாதுகாவலன் ஆலய வாசலில் விற்கப்பட்டது. எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊர்களிலும் வாசிப்பு மரபு வலுவாக வேரூன்றியிருந்தது. 1882இல் சித்தி லெப்பை கண்டியிலிருந்து வெளியிட்ட முஸ்லிம் நேசன் தொடக்கி வைத்த இதழியல் மரபின் தொடர்ச்சி அது. வெவ்வேறு சமயத்தவரும் வெவ்வேறு பத்திரிகை வாங்கினர் என்றாலும், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரிக்கும் வந்தபோது அவர்கள் அவற்றைக் கைமாற்றிக்கொண்டனர்.

பிந்தி வந்த பத்திரிகையை அவ்வாசகர்கள் எவ்வாறு வாசித்தனர் என்பதே இங்கு முக்கியமானது. அமைச்சர் ஒருவரின் வருகை, விலை மாற்றம், பந்தய முடிவு ஆகியவற்றை இலங்கை வானொலி முன்னரே அறிவித்துவிட்டிருக்கும். ஆகவே முதற்பக்கத்தின் பெரிய எழுத்துகளுக்குக் கவர்ச்சி குறைவு; கண் நேரே உட்பக்கங்களுக்குச் சென்றது. ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பத்திரிகை தன் கருத்தாக வெளியிடும் ஆசிரியத் தலையங்கமும், ஒரே எழுத்தாளர் குறித்த கிழமையில் தொடர்ந்து எழுதும் பத்தியும், ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் வரும் நீண்ட கட்டுரையும் மூன்று நாட்கள் கழித்தும் பழுதடையவில்லை. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தியைத் தீவு முழுவதும் வானொலியில் கேட்டுவிட்டது. ஆயினும் மூவர் சென்ற பயணத்தில் ஆம்ஸ்ட்ரோங்கும் ஒல்ட்ரினும் மட்டும் தரையிறங்க, கொலின்ஸ் ஏன் மேலே சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார் என்ற வினாவுக்கு விடை, சில நாட்களின் பின் கிடைத்த பத்திரிகைக் கட்டுரையில்தான் இருந்தது. தாய்க்கலத்தைச் சுற்றுப்பாதையில், அதாவது விழாமலும் விலகிப் போகாமலும் ஒரு விண்பொருளைச் சுற்றி வரும் வழியில், நிறுத்திவிட்டு இலகுவான சிறு கலத்தில் இறங்குவது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற விளக்கத்தை, பெரிய வள்ளத்தை ஆழத்தில் நங்கூரமிட்டுச் சிறு தோணியில் கரை சேரப் பழகிய கடலோடிகள் உடனே பற்றிக்கொண்டனர். செய்தி பழையதாகிவிட்டிருந்தது, விளக்கமோ அன்றுதான் பிறந்தது போல அவர்களுக்குப் பயன்பட்டது. நிகழ்ச்சி கடந்த பின்னரும் எஞ்சி நிற்கும் எழுத்தே வாசிக்கத் தகுந்த எழுத்து என்ற அளவுகோலை அத்தகைய மாலைகளே வகுத்துக் கொடுத்தன.

இவ்வளவுகோலுக்கு நன்கு ஈடுகொடுத்தவை தமிழ்நாட்டின் சில சஞ்சிகைகள். கலைமகள் நிறுவனம் 1947இல் தொடங்கிய மஞ்சரி அவற்றுள் தலையாயது. அமெரிக்காவில் 1922இல் பிறந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் உலகெங்கும் பரப்பிய திரட்டு இதழ் என்னும் வகையை, அதாவது பல இதழ்களிலும் நூல்களிலும் வந்தவற்றைத் தெரிவுசெய்து சுருக்கித் தரும் முறையை, தி. ஜ. ர. என அறியப்பட்ட தி. ஜ. ரங்கநாதன் மஞ்சரியில் தெளிந்த தமிழில் நிலைநாட்டினார். தேனீயின் வாழ்க்கை, ஒரு நோயின் மருந்து கண்டறியப்பட்ட வரலாறு, தொலைநாட்டுச் சிறுகதை, ஒரு விஞ்ஞானியின் இளமைக்காலம் ஆகியன ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தமையால், ஒன்றைத் தேடிச் சென்ற வாசகர் தாம் தேடாத மற்றொன்றையும் கற்றுத் திரும்பினார். அதேபோல, பாரிசிலிருந்து 1948 முதல் வெளிவந்த யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பு 1967இல் சென்னையில் தொடங்கி, மணவை முஸ்தபாவின் ஆசிரியப் பொறுப்பில் பல்லாண்டுகள் நடந்தது. கல்வி, தொல்லியல், இசை, கடல், மனித உரிமை என்று விரிந்த உலகப் பொருள்களைத் தமிழில் சொல்வதற்கு வேண்டிய கலைச்சொற்களை அவ்விதழ் ஆக்கியும் புழக்கத்தில் விட்டும் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வெளிவந்த கலைக்கதிர் விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் அதே பணியைச் செய்தது. மன்னாரில் இவற்றை வரவழைத்தோர் சிலரே. ஆயினும் ஆசிரியர் வீட்டு அலுமாரியிலிருந்து ஓர் இதழ் புறப்பட்டால், அது அட்டை கழன்று திரும்பி வருவதற்குள் பல வீடுகளைக் கண்டுவிடும்.

கல்கி, ஆனந்த விகடன், குமுதம் ஆகிய வெகுசன இதழ்கள் இவற்றைவிடப் பன்மடங்கு பரவலாக வாசிக்கப்பட்டன என்பதையும், தொடர்கதைக்காகக் காத்திருந்த பெண்களே பல வீடுகளில் வாசிப்பைக் காத்தவர்கள் என்பதையும் மறைக்கலாகாது. கணவன் கடலுக்குப் போன இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் தொடர்கதையை அயல் வீட்டாருக்கும் சேர்த்து வாசித்துக் காட்டிய தாய்மாரிடமிருந்தே இக்கட்டுரையாளரின் தலைமுறை சொல்லின் ஏற்ற இறக்கத்தைக் கற்றது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியோடும் உள்ளூர் வெளியீட்டாளரைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையோடும் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இவ்வீடுகளில் எழுந்த ஏமாற்றம் பெரிது. பாதியில் அறுந்த தொடர்கதைகளின் முடிவைத் தாமே கற்பித்துக்கொண்டோரும் உண்டு.

அதே கட்டுப்பாடு ஈழத்து இதழ்களுக்கு வழி திறந்தது என்பதும் உண்மையே. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை, இக்காலத்தில் தீவெங்கும் வாசகரைப் பெற்றது. சிகை அலங்காரத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒருவர், தம் தொழிலகத்திலிருந்தே ஓர் இலக்கிய மாத இதழைத் தொடங்கி, அதைத் தாமே தோளில் சுமந்து விற்று, 2012 வரை நடத்தினார் என்பது தமிழ் இதழியலில் தனித்து நிற்கும் சாதனையாகும். ஈழத்து எழுத்தாளர், கலைஞர், அறிஞர் ஆகியோரின் படங்களை அட்டையில் தாங்கி வந்த மல்லிகையை முதன்முதலில் கையிலெடுத்த மன்னார் இளைஞருக்கு, அட்டையில் வருவதற்குத் திரைப்பட நடிகராக இருக்க வேண்டியதில்லை என்பதே ஒரு பாடமாயிற்று. அதன் பக்கங்களில் கடற்றொழிலாளரும் மரமேறுவோரும் தோட்டத் தொழிலாளரும் கதை மாந்தராக வந்தனர். ஈழத்துப் பேச்சுத் தமிழ் எவ்வித மன்னிப்பும் கோராமல் அச்சில் நின்றது. சிவஞானசுந்தரம் நடத்திய சிரித்திரன் கேலிச்சித்திரத்தையும், கண்டியிலிருந்து வந்த ஊற்று விஞ்ஞானத்தையும், 1975இல் தொடங்கிய அலை ஆழ்ந்த இலக்கிய விமரிசனத்தையும் வழங்கின. 1950களின் இறுதியில் தினகரன் ஆசிரியராக விளங்கிய க. கைலாசபதி போன்றோர் நாளிதழின் பக்கங்களிலேயே ஆய்வுக்கும் விவாதத்துக்கும் இடம் வகுத்து வைத்திருந்ததால், இவ்விதழ்களுக்கான வாசகர் ஏற்கெனவே பண்படுத்தப்பட்டிருந்தனர்.

பல்துறை வாசிப்பின் பயன் மன்னாரில் மிகத் தெளிவாக வெளிப்பட்டது, கரை மக்கள் தங்கள் கடலைப் பற்றியே அச்சில் வாசித்த தருணங்களில்தான். முத்துக்குளிப்பைப் பற்றிய கதைகள் அவர்களிடம் தலைமுறைகளாக வழங்கின. சிப்பிகள் படிந்து கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் குறிக்கும் ‘பார்’ என்ற சொல்லும், அவற்றுள் பேர்பெற்ற செவல் பாரும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால், 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல்லுடன் வந்து இப்பார்களை ஆராய்ந்து ஐந்து பகுதிகள் கொண்ட அறிக்கை வெளியிட்டதும், நாடாப் புழுவின் இளம்பருவமே முத்துக்குக் கருவாகிறது என்று அவர்கள் கருதியதும், பிற்கால ஆய்வாளர் அக்கருத்தை ஏற்காததும், 1906இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலேயக் கம்பனி சில ஆண்டுகளிலேயே நலிந்து 1912இல் கலைக்கப்பட்டதும், 1925க்குப் பின் பெருமளவு முத்துக்குளிப்பு தொடராததும் கட்டுரைகள் வாயிலாகவே தெரியவந்தன. முத்து ஏன் அற்றுப்போயிற்று என்ற கேள்விக்குத் தெய்வக் குற்றம் என்ற ஒரே விடை வழங்கிய திண்ணையில், நீரோட்டம், மணல் மூடுதல், திருக்கை மீன்கள் சிப்பியைத் தின்னல், அளவுக்கு மீறிய அறுவடை ஆகிய விடைகளும் வந்தமர்ந்தன. மன்னார் நகருக்கு அருகே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பதையும், கடற்பசு மீனினம் அன்று, பாலூட்டி என்பதையும் பலர் இவ்வாறே அறிந்தனர்.

1974ஆம், 1976ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை குறித்துச் செய்துகொண்ட உடன்படிக்கைகள் இதற்கு இன்னும் கனமான எடுத்துக்காட்டாகும். முதலாவது பாக்கு நீரிணையைப் பற்றியது. அதன்படி கச்சதீவு எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. இரண்டாவது மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லையை வரையறுத்தது. புள்ளிகளை அகலாங்கு நெட்டாங்குகளால் குறித்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்து அமைக்கப்பட்ட எல்லையைத் தண்ணீரில் எவரும் காண இயலாது. பத்திரிகையில் வெளியான வரைபடத்தை வாசிகசாலை மேசையில் விரித்து, ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீற்றர் என்பதைக் கணக்கிட்டு, தாம் வலை விடும் இடத்திலிருந்து அக்கோடு எத்தனை நாழிகைப் பயணம் என்று முதிய கடலோடிகள் மதிப்பிட்ட காட்சி இக்கட்டுரையாளரின் நினைவில் அழியாது நிற்கிறது. அனைத்துலகச் சட்டம், புவியியல், கணிதம், அயலுறவு ஆகிய நான்கு துறைகளும் அன்று ஒரு வலைக்காரரின் பிழைப்புக் கேள்வியில் ஒன்றுகூடின. துறை பல தழுவிய வாசிப்பு ஓய்வுநேர அலங்காரம் என்று கருதுவோர், கரையோர வாழ்க்கையை அறியாதவர்களே ஆவர்.

வாசித்ததைக் காத்து வைப்பதும் அவ்வாசிப்பின் ஒரு பகுதியாக இருந்தது. பழைய பத்திரிகைகள் நிறைக்கு விற்கப்பட்டுக் கடைகளில் சீனியும் பருப்பும் சுற்றவும் கருவாடு பொதியவும் பயன்பட்டமையால், ஒரு கட்டுரை வாழ வேண்டுமானால் அதை உரிய நேரத்தில் கத்தரித்தெடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகங்களின் பயன்படுத்திய பக்கங்கள்மீது கோதுமை மாப்பசையால் ஒட்டி, உடல்நலம், கடல், வரலாறு, இலக்கியம் எனத் தலைப்பிட்டுப் பேணிய தொகுப்புகள் பல வீடுகளில் இருந்தன. உப்புக் காற்று தாளை மஞ்சளாக்கியது, கறையான் அரித்தது, வேப்பிலை இட்டு வைத்தோர் சிறிது வென்றனர். எதை வெட்டியெடுப்பது என்று தீர்மானிக்கும் பொழுதே ஒருவர் தம் சுவையையும் தேவையையும் கண்டுகொள்கிறார் என்பதால், அத்தொகுப்புகள் பாடநூல்கள் தராத ஒரு கல்வியைத் தந்தன. க.பொ.த. பரீட்சைக்குத் தோற்றிய கிராமத்து மாணவர் பலர் கட்டுரை எழுதக் கற்றதும் அவற்றைப் பார்த்தே.

இவ்வுலகம் படிப்படியாகக் குலைந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்முறையில், ஏறத்தாழ 97,000 நூல்கள் கொண்ட யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டன. 1980களின் நடுப்பகுதிக்குள் இராமேசுவரக் கப்பல் நின்றது. 1990இல் போரினால் தலைமன்னார்ப் புகையிரதம் ஓயவும், தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்படவும், பத்திரிகை வந்த இரு வழிகளும் ஒருசேர அறுந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தனர். நேற்று வரை ஒரே மேசையில் பத்திரிகையின் மறுபக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இல்லாமற்போன அவ்விழப்பு, எண்ணிக்கைகளால் அளக்க முடியாதது. அதை நியாயப்படுத்தும் எந்த வாதமும் இன்றுவரை எழுத்தில் நிலைத்து நிற்கவில்லை.

இடம்பெயர்ந்த தமிழர் பலர் மடு ஆலயச் சூழலிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் நடத்திய திறந்த நிவாரண நிலையங்களில், அதாவது மோதலிலிருந்து தப்புவோர் தாமாக வந்து தங்கவும் விரும்பியபோது திரும்பிப் போகவும் கூடிய பாதுகாப்பிடங்களில், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அங்கே ஒரு பத்திரிகை வந்தால் தாள் தாளாகப் பிரிக்கப்பட்டுக் குடிசைக்குக் குடிசை சென்றது. ஒரு கட்டுரையின் தொடக்கத்தை வாசித்தவர் அதன் தொடர்ச்சியைத் தேடி அடுத்த வரிசைக்குப் போனார். பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் கிடைக்காத அக்காலத்தில், 1985இல் தொடங்கிய உதயன் யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கொப்பிகளுக்குரிய கோடிட்ட தாளிலும் அச்சிடப்பட்டது. பல கைகளைக் கடந்து மடுவை எட்டிய அத்தகைய ஒரு பிரதியைக் கண்டவர்கள், பத்திரிகை என்பது பசி தணிந்த பின் தேடும் பொருள் என்ற எண்ணத்தைக் கைவிட்டிருப்பர். உண்ணவும் உடுக்கவும் போதாத நிலையிலும் அச்சிடுவோர் அச்சிட்டனர், வாசிப்போர் வாசித்தனர்.

போர்க்காலம் கற்பித்த மற்றொரு பழக்கம் ஒப்பிட்டு வாசித்தல். 1998இல் படைத்துறைச் செய்திகள்மீது தணிக்கை, அதாவது அச்சாகுமுன் அரசு அலுவலர் பார்த்து நீக்கும் முறை, விதிக்கப்பட்டது. இன்னொரு பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மாற்றுக் கருத்துக்கு அச்சில் இடமிருக்கவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, 1990 முதல் 2001 வரை கொழும்பிலிருந்து வெளிவந்த சரிநிகர் போன்ற இதழ்கள் அரசையும் இயக்கத்தையும் வினவத் துணிந்தன. ஒரே நிகழ்வை மூன்று பத்திரிகைகளில் வாசித்து, மூன்றிலும் பொதுவாக உள்ளது எது, ஒன்றில் மட்டும் இருப்பது எது, எதிலுமே சொல்லப்படாதது எது என்று பிரித்தறிய மன்னார் வாசகர் பழகினர். இப்பழக்கம் உயிர்காக்கும் தேவையாகத் தொடங்கி, வாசிப்பின் உயர்ந்த பயிற்சியாக முதிர்ந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2010இல் ஜப்பானிய உதவியோடு புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டன. 2015 மார்ச் மாதத்தில் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. செய்தி இப்போது இவற்றின் வழியாக வரத் தேவையில்லை. கைப்பேசியில் நொடிக்கு நொடி வந்து விழுகிறது. ஆனால் மன்னார் இன்று எதிர்கொள்ளும் கேள்விகள் நொடிச் செய்தியால் விளங்கக்கூடியவை அல்ல. தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகள் மொத்தம் 103.5 மெகாவாற் திறனுடன் ‘தம்பபவனி’ என்ற பெயரில் நிறுவப்பட்டுள்ளன. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கு எதிராகவும், இல்மனைற் என்னும் தைத்தேனியம் கலந்த கனிம மணலை அகழ்வதற்கு எதிராகவும் மக்கள் போராடி வருகின்றனர். காற்றாலை வெள்ள நீர் வடிவதைத் தடுக்கிறதா, 2010இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பூநாரைகளை அது எவ்வாறு பாதிக்கும், மணல் போனால் நன்னீர் நிற்குமா, இழுவைப் படகுகள் கடலடியைச் சிதைப்பதை எவ்வாறு நிறுத்துவது ஆகியவற்றுக்கு விடை காண, மின் பொறியியலும் பறவையியலும் நிலத்தடி நீரியலும் கடற் சட்டமும் ஓரளவேனும் தெரிந்த பொதுமக்கள் வேண்டும். அவர்களை உருவாக்கும் ஆற்றல் நிதானமாக எழுதப்பட்ட, சொற்களை விளக்குகின்ற, இரு தரப்பையும் செவிமடுக்கின்ற நீண்ட கட்டுரைக்கே உண்டு.

அத்தகைய எழுத்து முற்றாக அற்றுப்போகவில்லை. நாளிதழ்களின் ஞாயிறு இதழ்களில் இன்னும் அது வருகிறது. மன்னார் மறைமாவட்டத்திலிருந்து வெளிவரும் மன்னா போன்ற உள்ளூர் இதழ்கள் பிரதேசத்தின் வரலாற்றையும் கலையையும் பதிகின்றன. 2005இல் தொண்டர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், எரிந்தும் சிதைந்தும் போனவற்றுள் எஞ்சிய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் ஆவணப்படுத்தி, எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. மல்லிகையின் பழைய இதழொன்றைத் தேடி ஒரு காலத்தில் யாழ்ப்பாணம் வரை பயணம் செய்ய வேண்டியிருந்தவர்கள் அதை இன்று பேசாலையிலிருந்தே வாசிக்கலாம். ஆகவே குறைபாடு கிடைப்பதில் இல்லை. தெரிவுசெய்வதிலும் தரித்து வாசிப்பதிலும் உள்ளது.

பிந்தி வந்த பத்திரிகையின் தலைமுறை இன்றைய வாசகருக்கு விட்டுச்செல்லக்கூடிய அளவுகோல் எளியது. ஒரு மாதம் கழித்து வாசித்தாலும் பயன் தருமா, தான் கையாளும் சொல்லை விளக்குகிறதா, வாசகர் முன்பு நினைத்திராத ஒரு துறைக்கு அவரை அழைத்துச் செல்கிறதா என்று கேட்டு, ஆம் என்ற விடை தரும் எழுத்துக்கு நேரத்தைக் கொடுத்தல் வேண்டும். மன்னார் மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச சபையும், ஒவ்வொரு பாடசாலையும், ஒவ்வொரு ஆலயமும் பள்ளிவாசலும் கோயிலும் ஒரு வாசிப்பு மேசையைப் பேண வேண்டும். அதில் குறைந்தது மாறுபட்ட நோக்குடைய இரு நாளிதழ்களும், ஓர் இலக்கிய இதழும், ஒரு விஞ்ஞான இதழும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு விவாதிக்க வேண்டும். திரும்பி வந்துள்ள முஸ்லிம் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் மீண்டும் ஒரே மேசையில் அமர்ந்து, தம் கடலையும் மணலையும் காற்றையும் பற்றிச் சேர்ந்து வாசிக்கத் தொடங்குவது, எந்த அரசின் அனுமதிக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடிய பணியாகும்.